செவந்தாங்குட்டை விரால்

மருதாசலமும் அருணகிரியும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. ராசிபுரத்துக்கு மேற்கே மூன்று கல் தூரத்தில் இருக்கும் செவந்தாம்பாளையத்துத் தறிக்காரத் தெருவில் ஒரே வீடு, நடுவில் ஒரு மண்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் தறியை மிதித்தால் அந்தப் பக்கம் தம்பி வீட்டு உறிச்சட்டி ஆடும். அந்தப் பக்கம் தம்பி தும்மினால் இந்தப் பக்கம் அண்ணன் பெண்சாதி சென்னியம்மாள் "நூறு வயசு" என்பாள். இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் மூன்று வருஷமாக ஒரு சொல் பேசிக்கொண்டது கிடையாது.

அப்படி என்ன கொலைக்குற்றம் என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஓர் ஐப்பசி மாதம் காலையில் கஞ்சி தோய்த்த பாவு நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிக் காயவிட்டிருந்தார்கள். அந்தத் தலைப்பில் அண்ணன், இந்தத் தலைப்பில் தம்பி. வானம் மூடிக்கொண்டு வந்தது. அண்ணன் "சுருட்டுடா" என்றான். தம்பி "இருண்ணா, காத்து மேக்கே அடிக்குது, மழை வராது" என்றான். மழை வந்தது. வந்ததா, கொட்டியது. கஞ்சியெல்லாம் கரைந்து தெருச் சாக்கடையில் ஓடி, பாவு பூராவும் சிக்கெடுக்க முடியாத சடையாகிவிட்டது. நாலு மாச நூல். வயிற்றெரிச்சலில் மருதாசலம் தெருவே பார்க்கக் கத்தினான்.

"எங்கப்பன் ரெண்டு பையனைப் பெத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே செத்தான். எண்ணிப் பாத்தா ஒண்ணரைதான்!"

அருணகிரி ஆள் குள்ளம். அண்ணன் தோளுக்குத்தான் வருவான். தெரு சிரித்துவிட்டது. அண்ணன் சொன்னதைக்கூட அருணகிரி மறந்திருப்பான், அந்தச் சிரிப்பைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. அடுத்த வாரமே வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவள் சென்னியம்மாள். அவளுக்கும் தம்பி பெண்சாதி ராமாத்தாளுக்கும் ஒரு சண்டையும் கிடையாது. சுவரில் ஒரு செங்கல் அளவுக்குப் பொந்து விட்டு அது வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும், ரசக் கிண்ணம் வரும், ஊர் நாயம் இரண்டு பக்கமும் போய் வரும். மகள் தெய்வநாயகி எந்த வீட்டில் சாப்பிட்டாள், எந்த வீட்டில் தூங்கினாள் என்று யாரும் கணக்கு வைத்தது இல்லை. அருணகிரிக்குப் பிள்ளை இல்லை. தெய்வநாயகி நடை பழகியதே சித்தப்பனின் தறிக்குழி ஓரத்தில்தான்.

"கள்ளுக்கடை இருந்திருந்தா இது ஒரு மாசத்துல தீந்திருக்குமுங்கக்கா" என்பாள் ராமாத்தாள். "ரெண்டு பேரும் குடிச்சுப்போட்டுக் கட்டிப் புடிச்சு அழுதிருப்பாங்க. செவுரு வெச்ச அதே மாசந்தான் கடையையும் மூடிப்போட்டாங்க. தெளிஞ்ச புத்தியில இருக்கறதுனாலதான் இவங்க இந்த ஆட்டம் ஆடறாங்க."

சென்னியம்மாள் சிரிப்பாள். ஆனால் இந்தச் சித்திரையில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெய்வநாயகிக்கு இளம்பிள்ளை ஊரில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் கந்தவேல், பட்டுத்தறிக்காரன், தங்கமான பிள்ளை. அவனுடைய அம்மாவும் அத்தைமாரும் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. அன்றைக்குச் சித்தப்பனை எங்கே என்று கேட்டதற்கு, "நூல் வாங்க சேலம் போயிருக்காருங்க" என்று சென்னியம்மாள் ஒரு பொய்யை எடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறார்கள். பையனின் அப்பா வீரபாகு ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார். பணம் வேண்டாம், பாத்திரம் வேண்டாம்; பெண்ணின் அப்பனும் சித்தப்பனும் சேர்ந்து நின்று தட்டைப் பிடிக்க வேண்டும். பங்காளி ஒற்றுமை இல்லாத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் சென்னியம்மாள் புருஷனைப் பிடித்தாள்.

"ஏனுங்க, 'நாளன்னிக்கு ஊட்டுக்கு வாடா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கு தேஞ்சா போயிரும்?"

"அவனை நான் எதுக்குப் புள்ள கூப்புடோணும்?" என்றான் மருதாசலம் களியை உருட்டிக்கொண்டே. "அவன் தூக்கி வளத்த புள்ளதான அது? ஒறம்பரை, விருந்தாளின்னா கூப்புடலாம். ஊட்டுக்காரனை யாராச்சும் கூப்புடுவாங்களா? அவனா வரோணும். வந்து 'நவுருண்ணா'ன்னு என்னைத் தள்ளிப்போட்டு முன்னால நிக்கோணும்."

சரி என்று காலையில் பொந்து வழியாகக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே பதில் சொன்னான்.

"கூப்புடாம வந்து பந்தியில குந்தறதுக்கு நான் என்ன வழிப்போக்கனுங்களா அண்ணி? அண்ணன் வாயைத் தொறந்து 'வா'ன்னு சொல்லட்டும். ஒரே ஒரு எழுத்து. நான் அந்த நிமிசமே ஓடி வந்து வாழைமரம் கட்டறேன்."

"அந்த எழுத்து அவரு வாயில வராது போல இருக்குதே சாமி."

"அப்ப நானும் வாரதுக்கு இல்லீங்க அண்ணி. தெய்வநாயகிகிட்ட நான் சொல்லிக்கறேன். அவ என்னைப் புரிஞ்சுக்குவா."

சொல்லும்போது அவன் குரல் உடைந்துபோனதைச் சென்னியம்மாள் கேட்டாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய தலைவலி. ஒருத்தன் பக்கம் அநியாயம் இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசிச் சரிக்கட்டியிருப்பாள்.

அந்த வியாழக்கிழமை காலையிலேதான் தெருவில் தண்டோரா வந்தது. செவந்தாங்குட்டையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் மீன் பிடிக்கக் குட்டையைத் திறந்து விடுகிறார்கள். ஊத்தாவும் துணியும் கொண்டு வரலாம், வலை போடக்கூடாது. பொழுது விழுந்தால் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். தண்டோராக்காரன் திருப்பம் திரும்புவதற்குள் சென்னியம்மாள் பொந்தில் வாயை வைத்தாள்.

"ராமாத்தா, ஒரு ரோசனை தோணுது. சித்தெ கிட்ட வா."

*

குட்டை சின்னதுதான். நாலு பக்கமும் கருவேல மரம், கிழக்கு மூலையில் கோரைப்புல், நடுவில் செம்மண் தண்ணீர். சித்திரை வெயில் பனைமரத்துத் தலைக்குக் கீழே இறங்கியதும் ஊர் முழுக்க அதில் இறங்கிவிட்டது. காடு கழனி உழுகிற காட்டுக்காரர்கள் ஊத்தாவோடு வந்திருந்தார்கள். அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் சதக்கென்று குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் உள்ளே மாட்டின மீன் கையில் முட்டும். சதக், சதக் என்று எங்கே பார்த்தாலும் அதே சத்தம். கலங்கின தண்ணீரில் மூச்சு முட்டிக் கெண்டைகள் வாயை வெளியே நீட்டின. ஓரத்தில் பெண்கள் முந்தானையை விரித்து அயிரை அள்ளினார்கள். நாலு கொக்கு மரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் பங்கு எங்கே என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

தறிக்காரர்களுக்கு ஊத்தா பழக்கமில்லை. அவர்களுக்குத் துணிதான். தறியில் இழை அறுந்து விற்பனைக்கு ஆகாமல் போன எட்டு முழத் துணியை இரண்டு பேர் இரண்டு தலைப்பில் பிடித்து, கீழ் விளிம்பைக் கால் கட்டைவிரலால் சேற்றில் அழுத்திக்கொண்டே கரைக்கு இழுத்து வர வேண்டும். இரண்டு பேரும் ஒரே சீராக வரவேண்டும். ஒருத்தர் அரை எட்டு முன்னால் வைத்தால் நடுத்துணி தொய்ந்து, மீன் அத்தனையும் அடியில் புகுந்து போய்விடும்.

மேற்குக் கரையில் மருதாசலமும் சென்னியம்மாளும் ஒரு துணி. கிழக்குக் கரையில் அருணகிரியும் ராமாத்தாளும் ஒரு துணி. நடுவில் ஊர்.

"இழு புள்ள... இரு புள்ள... ஏ, இருன்னா இரு!" மருதாசலம் தொண்டை கட்டக் கத்தினான். துணியில் வந்தது ஒரு தவளையும் ஒரு பழைய சட்டித் துண்டும்.

"தவளைக்கு என்ன குழம்புங்க வெக்கறது?" என்று சென்னியம்மாள் கேட்டாள்.

"வாயாடாத. நீ முன்னால ஓடறே."

"நீங்க கொக்கு மாதிரி எட்டு வெக்கறீங்க. எனக்கு எங்க அத்தன காலு?"

அந்தப் பக்கமும் அதே கதிதான். ராமாத்தாள் வேண்டுமென்றே வழுக்கி இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஊத்தா குத்திக்கொண்டிருந்த காத்தான், மடி நிறையக் கெளுத்தியை வைத்துக்கொண்டு கேலி பேசினான்.

"தறிக்காரரே, மீனைப் புடிக்க வந்தீங்களா, துணியைத் தொவைக்க வந்தீங்களா? தொவைக்கறதுன்னா கரையில கல்லு இருக்குதுங்க!"

தண்ணீரில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மருதாசலத்துக்கு மூக்கு சிவந்துவிட்டது. சரியான நேரம் பார்த்துச் சென்னியம்மாள் "ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டுக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கருவமுள்ளுங்க! ஏறிப்போச்சு! நான் கரைக்குப் போறேன்."

"துணியை யாரு புடிக்கறது?"

"ராமாத்தா! கண்ணு, நீ வந்து சித்தெ புடி!"

ராமாத்தாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். தம்பி பெண்சாதி புருஷனுடைய அண்ணனுக்கு எதிரே நிற்கவே மாட்டாள், அவர் வருகிற வழியில்கூட ஒதுங்கித்தான் நிற்பாள். இடுப்பளவு தண்ணீரில் நனைந்த புடவையோடு அவருக்கு எதிரில் நின்று துணி இழுப்பதா? ஊர் காறித் துப்பாதா?

"மூத்தாரு முன்னால நான் எப்படிங்கக்கா நிப்பேன்?" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்க போய்ப் புடிங்க. பாவம், அக்கா காலுல ரத்தம்" என்றாள்.

அருணகிரி அண்ணியின் காலைப் பார்த்தான். சேறுதான் தெரிந்தது. ஊரைப் பார்த்தான். இருநூறு பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்தான் ஊத்தாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கைக்கு வசதியாக நின்றான். முடியாது என்று சொன்னால், பெண்சாதியை மூத்தார் எதிரில் நிறுத்திவிட்டான் என்கிற பேச்சு வரும். அருணகிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, அண்ணி விட்ட தலைப்பை எடுத்தான். அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. அவனும் அண்ணனைப் பார்க்கவில்லை.

துணி விறைத்தது. சென்னியம்மாள் கரையில் உட்கார்ந்து இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டே அதைப் பார்த்தாள். பத்து வயதிலிருந்து தெருவில் பாவு இழுத்த கைகள் அவை. எப்போது இழுக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனின் நீட்டுக் காலுக்குத் தம்பி ஒன்றரை எட்டு வைத்தான். துணியில் ஒரு சுருக்கம் விழவில்லை. கரைக்கு வந்தபோது நடுத்துணி மூட்டை மாதிரி கனத்துத் தொங்கியது. கெளுத்தி, கெண்டை, உளுவை என்று துள்ளி விழுந்ததைப் பார்த்துக் காத்தான் வாயை மூடிக்கொண்டான்.

மருதாசலம் ஒரு கெளுத்தியைத் தூக்கி, அதனிடம் சொன்னான்.

"கோரைப் பக்கமாப் போனா பெரிசு கெடக்கும்."

அருணகிரி கருவேல மரத்துக் கொக்கைப் பார்த்துச் சொன்னான்.

"கோரையில எறங்குனா துணி கிழியும். அதுக்கு முன்னால வளைக்கோணும்."

"வளைக்கலாம்" என்று அண்ணன் கெளுத்திக்குச் சொல்லிவிட்டு அதைக் கூடையில் போட்டான். ராமாத்தாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

*

அவர்கள் கோரைப் பக்கம் போன நேரத்தில், கரையில் ஒருவர் வந்து நின்றார். கக்கத்தில் குடை, தோளில் ஜரிகை போட்ட அங்கவஸ்திரம், காலில் ராசிபுரத்திலிருந்து நடந்து வந்த புழுதி.

"அம்மிணி, தறிக்காரத் தெரு மருதாசலம் ஊட்டுக்காரங்க யாராச்சும் இங்க இருக்காங்களா? நான் இளம்பிள்ளை வீரபாகுங்க."

சென்னியம்மாள் துள்ளி எழுந்து நின்றாள். எந்தக் காலில் முள் குத்தினதாகச் சொன்னோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"வாங்க, வாங்க! நான் அவரு சம்சாரமுங்க. நாளைக்கு... நாளைக்கல்லீங்களா..."

"நாளைக்குத்தானுங்க. எல்லாரும் நாளைக்குத்தான் வாராங்க. உங்க ஊருக் குட்டையை இன்னிக்குத் தொறக்கறாங்கன்னு தரகர் சொல்லிப்போட்டாரு. எனக்கு மீனுன்னா சோறு தண்ணி வேண்டாம். கால் நிக்கலை, பஸ் ஏறிட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"இதுல தப்பென்னங்க" என்றாள் சென்னியம்மாள். நாளைக் காலை வரைக்கும் மிச்சமிருந்த ஒரு ராத்திரியும் போயிற்று.

"சம்பந்தி எங்கீங்க?"

"அதா, துணி இழுக்கறாரு பாருங்க. அந்த நெட்டை. எதுத்தாப்புல அவரு தம்பிங்க."

வீரபாகு குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். அண்ணனும் தம்பியும் கோரையை அரை வட்டமாக வளைத்து வந்தார்கள். அண்ணன் தலையசைக்கவில்லை, தம்பி கை காட்டவில்லை. சுற்றிலும் மற்ற ஜோடிகள் "இழு, உடு, எருமை, குருடா" என்று கத்திக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. துணி பலகை மாதிரி நகர்ந்தது.

"அடடடா!" என்றார் வீரபாகு. அவர் கண் கலங்கிவிட்டது. "அம்மிணி, இதைப் பாக்கத்தானுங்க நான் கெடந்து தவிச்சேன். எங்கூட்டுல நாங்க அண்ணந்தம்பி நாலு பேரு. ஒரு அருவாமணையை நவுத்தோணும்னாக்கூட நாலு பேரும் நாலு நாயம் பேசுவோம். கடைசீல அருவாமணை இருந்த எடத்துலயே கெடக்கும். இவங்களைப் பாருங்க. ஒரு சத்தம் இருக்குதா? ஒருத்தன் மனசு ஒருத்தனுக்குத் தெரியுது. ஒத்துமைன்னா இதல்லீங்களா!"

சென்னியம்மாள் ராமாத்தாளைப் பார்த்தாள். ராமாத்தாள் சென்னியம்மாளைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள் சென்னியம்மாள். வேறென்ன சொல்வது?

அதற்குள் குட்டையில் ஒரு கூச்சல். துணியின் நடுவில் எதுவோ மொத்தென்று மோதியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலைப்பைத் தூக்கி ஒருவர் பக்கம் ஒருவர் ஓடி மடித்தார்கள். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். கறுகறுவென்று, பாம்புத் தலையோடு, துணியோடு சேர்த்து இரண்டு ஆளையும் ஆட்டியது. ஊத்தா குத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கரையேறியதும் வீரபாகுவைக் கண்டு இரண்டு பேரும் சேற்றுக் கையோடு கும்பிட்டார்கள். வீரபாகு அங்கவஸ்திரம் சேறானாலும் பரவாயில்லை என்று அருணகிரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன சம்பந்தி, நாளைக்குத் தட்டு மாத்தறப்ப அண்ணனுக்குப் பக்கத்துல நீங்க நிக்கோணும். எனக்கு அது போதும்."

அருணகிரி தரையைப் பார்த்தான்.

"அண்ணன் சொன்னா நிக்கறனுங்க" என்றான்.

"பாத்தீங்களா அம்மிணி, மரியாதையை! அண்ணன் சொல்லாம ஒரு எட்டு வெக்க மாட்டாராமா!" வீரபாகு பூரித்துப்போனார். "சொல்லுங்க சம்பந்தி, தம்பி காத்துட்டிருக்காரு பாருங்க."

மருதாசலத்தின் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே மூடியது. "மொதல்ல கூறு வெக்கலாமுங்க, பொழுது உழுவுது" என்று சொல்லிவிட்டுக் குந்தினான்.

செவந்தாங்குட்டை வழக்கம் அது. துணி பிடித்த இரண்டு பேரும் கரையிலேயே மீனைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூத்தவன் இரண்டு கூறாக வைப்பான். இளையவன் தனக்கு வேண்டிய கூறை எடுத்துக்கொள்வான். மருதாசலம் ஒவ்வொரு கெளுத்தியாக எண்ணி இரண்டு கூறு வைத்தான். கடைசியில் விராலைத் தூக்கி, தம்பியின் காலடியில் இருந்த கூறின் மேல் வைத்தான்.

அருணகிரி அதைப் பார்த்தான். பிறகு குனிந்து, விரால் இல்லாத கூறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மருதாசலம் விராலை எடுத்துத் தம்பி இழுத்த கூறின் மேல் திரும்ப வைத்தான்.

அருணகிரி விராலைத் தூக்கி அண்ணன் பக்கம் போட்டான்.

"அடடா, என்ன பெருந்தன்மை!" என்று வீரபாகு கையைத் தட்டினார்.

மூன்றாம் தரம் அண்ணன் கொஞ்சம் வேகமாகவே வைத்தான். தம்பி கொஞ்சம் வேகமாகவே தள்ளினான். விரால் மீன் கரையில் போட்டால் லேசில் சாகிற ஜாதி இல்லை. இவர்கள் மரியாதையெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்த மாதிரி, கண்ணை உருட்டி, உடம்பை வளைத்து ஒரு துள்ளு துள்ளியது. ஈரக்கரையில் சறுக்கியது. மருதாசலத்தின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்தது.

"புடிடா! டேய் அருணகிரி, புடிடா!"

குபுக் என்று தண்ணீரில் விழுந்து விரால் போய்விட்டது.

"நான் புடிக்கறதா?" அருணகிரி எகிறினான். "உன்ற காலுக்கு நடுவுலதான போச்சு! உனக்கென்ன கண்ணு பொடனியிலயா இருக்குது?"

"வெச்ச கூறை எடுத்துக்கறதுக்கு உனக்கென்னடா கேடு?"

"எனக்கெதுக்கு அது? தெய்வநாயகி விரால்னா உசுரை உடுவாள்னுதான் உன்ற பக்கம் வெச்சேன்!"

"அவ பாதிச் சோறு உன்ற ஊட்டுலதான திங்கறா? அதுக்குத்தான்டா உன்ற பக்கம் வெச்சேன், மடையா!"

"மடையன்தான்! அன்னிக்கும் மடையன், இன்னிக்கும் மடையன்!"

"அன்னிக்குச் சுருட்டுன்னா சுருட்டியிருக்கோணும்! மழை வராதுன்னு சோசியம் சொன்னியே! நாலு மாச நூலுடா!"

"நூலு போனா அடிச்சிருக்கலாமல்ல? நாலு அடி வாங்கிக்கிட்டு நின்னிருப்பனே! தெருவே சிரிக்க அரைப் பையன்னு சொல்லுவியா?"

குட்டையில் சதக் சதக் சத்தம் அடங்கிவிட்டது. ஊர் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மருதாசலம் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தான். முகமெல்லாம் சேறாயிற்று.

"சொன்னேன்டா. சொல்லிப்போட்டு அன்னிக்குச் சோறு எறங்கலை எனக்கு. உங்கண்ணிகிட்டக் கேளு. எப்படிடா வந்து கேக்கறது, என்னன்னு கேக்கறதுன்னு மருகிட்டுக் கெடந்தேன். அதுக்குள்ள நீ செவுரு வெச்சுப்போட்டே!"

"நாலு நாளு பாத்தேன்! இன்னிக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு நாலு நாளு வாசப்படியிலயே குந்தியிருந்தேன்! அஞ்சா நாளுதான் மண்ணுக் கொழைச்சேன்!"

"ஆறாம் நாளு வாரதா இருந்தேன்டா!"

"யாருக்குத் தெரியும்?"

வீரபாகுவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் ஒவ்வொரு எட்டாகப் பின்வாங்கிச் சென்னியம்மாளிடம் வந்தார்.

"என்ன அம்மிணி இது! கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள இப்படி அடிச்சுக்கறாங்க? ஒரு மீனுக்கா? எங்கூட்டுல நாலு பேருகூட இவ்வளவு சத்தம் போட்டதில்லீங்களே. என் நேரம், நான் வந்த வேளை சரியில்லை. நான் போயிட்டு வாரனுங்க."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். சென்னியம்மாள் அந்தக் குடையின் முனையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி முறையில் வரப்போகிறவரின் குடையை அப்படிப் பிடித்து இழுக்கக்கூடாதுதான். அவளுக்கு அப்போது மரியாதை, முறை ஒன்றும் ஞாபகமில்லை. கண்ணீர் கொட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது.

"போவாதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், போவாதீங்க. நான் பொய் சொன்னேனுங்க. பொண்ணுப் பாக்க வந்தன்னிக்குக் கொழுந்தனாரு சேலத்துக்கும் போவலை, எங்கயும் போவலை. இவங்க ரெண்டு பேரும் பேசி மூணு வருசமாச்சு. ஊட்டுக்கு நடுவுல செவுரு இருக்குது. நீங்க பாத்தீங்களே, சத்தமில்லாம துணி இழுத்தது, அது ஒத்துமை இல்லீங்க. பேச்சுவார்த்தை இல்லாதது."

வீரபாகு நின்றார்.

"அப்ப, இது?"

"பேசறாங்கங்க" என்றாள் சென்னியம்மாள். "எம் மவராசனுக ரெண்டு பேரும் பேசிக்கறாங்க!"

கரையோரம் மருதாசலத்தின் குரல் இன்னும் ஓங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னால ஊட்டுக்கு வந்து சேருடா! இளம்பிள்ளைக்காரங்க முன்னால நான் ஒத்தையில தட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதா? கூப்புடலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே, தோலை உரிச்சுப்போடுவேன்!"

"வாரேன்! கத்தாத! வாழைமரத்துக்கு ஆளு சொல்லிட்டியா, இல்ல அதுவும் நான்தான் சொல்லோணுமா?"

"நீதான் சொல்லோணும்! சித்தப்பன் நீதான?"

அதைக் கேட்டதும் ராமாத்தாள் கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தண்ணீரில் இருந்த காத்தான், எதற்கு என்று தெரியாமலே தலைத்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீரபாகு கொஞ்ச நேரம் அந்த இரண்டு பேரையும் பார்த்தார். சென்னியம்மாளைப் பார்த்தார். அவருடைய அண்ணன்மார் மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்தார்களோ என்னவோ, மீசைக்குள் சிரித்தார். குடையையும் அங்கவஸ்திரத்தையும் சென்னியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"பொழுது இன்னும் உழுவலை. அந்த விரால் கோரைக்குள்ளதான் போயிருக்கும்" என்று குரல் கொடுத்தார். "சண்டையை நாளைக்கு வெச்சுக்கலாம், இப்ப ரெண்டு பேரும் வந்து துணியைப் புடிங்க!"

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சித்தெ சும்மா இருங்க சம்பந்தி!"